எதிர்மலைத் தப்புச் சத்தம் எப்படி வந்து சேர்கிறது?

வேலையாட்களைக் காலையில் கூட்டும் பிரட்டுக்களத்தில் தப்பு என்னும் தோற்பறையை அடித்து ஆள் கூப்பிட்ட காலம் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் கழிந்துவிட்டது. ஆயினும் கோயில் திருவிழாவுக்குப் பகலில் தப்பு முழங்கும்போது, எதிர்மலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம்: தப்படிப்பவரின் கை இறங்குவது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் பிறகுதான் வருகிறது. இடையிலுள்ள பள்ளத்தாக்கின் அகலம் நேர்கோட்டில் 340 மீற்றர் என்றால் அந்தத் தாமதம் ஏறக்குறைய ஒரு செக்கன். அந்த ஒரு செக்கனில் தப்பிலிருந்து புறப்பட்டு நம் காதுக்கு வந்தது என்ன?

காற்றுதான் வந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் காற்றே அந்தத் தூரத்தைக் கடந்திருந்தால், மணிக்கு 1,200 கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் வீசியிருக்க வேண்டும். வழியில் ஒரு தேயிலைச் செடிகூட மிஞ்சியிராது. பள்ளத்தாக்கில் கிடக்கும் பனிமூட்டமோ அந்தச் சத்தத்துக்குக் கொஞ்சமும் கலைவதில்லை.

உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிற்றில், பொருள் நகர்ந்து போகாமலே அலை ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிடலாம். கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, நடுவில் ஒரு சிவப்புத் துணித் துண்டை முடிந்து, மறுமுனையைக் கையில் இழுத்துப் பிடித்து ஒரே ஒரு தடவை மேலும் கீழும் உதறினால், ஒரு மேடு கயிற்றின் வழியே ஓடித் தூணில் மோதி, தலைகீழாகத் திரும்பி வரும். சிவப்புத் துணி அந்த மேட்டுடன் ஓடுவதில்லை. மேடு தன்னைக் கடக்கும்போது ஒரு முறை எழுந்து தாழ்ந்து, இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ஓடுவது கயிறன்று, கை கொடுத்த சக்தி. கயிற்றின் ஒவ்வொரு துணுக்கும் அடுத்த துணுக்கை இழுத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறது. இவ்வாறு ஒரு பருப்பொருளின் துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளியோ இழுத்தோ கடத்தும் அலையையே பொறிமுறை அலை என்கிறோம். அலையைக் கடத்தும் அந்தப் பொருள், அதாவது ஊடகம், இல்லாவிட்டால் இந்த அலையும் இல்லை.

கயிற்றில் அசைவு ஓட்டத்துக்குக் குறுக்கே நிகழ்வதால் அது குறுக்கலை. காற்றிலோ, தப்பின் தோல் முன்னால் அதிரும்போது அடுத்துள்ள காற்று நெருக்கப்படுகிறது, பின்வாங்கும்போது ஐதாகிறது, அதாவது அடர்த்தி குறைகிறது. அந்த நெருக்கமும் ஐதாக்கமும் மாறி மாறி முன்னேறுகின்றன. அசைவு ஓடும் திசையிலேயே நிகழ்வதால் இது நெட்டாங்கு அலை. பக்கத்தில் நின்று கேட்கும்போது காது கூசும் அளவு தப்புச் சத்தத்தில்கூட, காற்றுத் துணிக்கைகள் முன்னும் பின்னும் நகரும் தூரம் ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு என்பதை நம்புவது எளிதன்று.

அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது ஊடகமேயன்றி, அலையை எழுப்பிய கையன்று. ஓங்கி அடித்தால் சத்தம் பெரிதாகுமே தவிர, விரைவாக வராது. கொடிக்கயிறு மீற்றருக்கு 100 கிராம் கனமுள்ளதாகவும், 4 கிலோ எடையைத் தொங்கவிட்டால் உண்டாகும் அளவு இழுவையுள்ளதாகவும் இருந்தால், மேடு செக்கனுக்கு 20 மீற்றர் ஓடும். இழுவையை நான்கு மடங்காக்கினால் வேகம் இரண்டு மடங்காகும். கயிறு கனத்தால் வேகம் குறையும்.

தப்பைத் தீயில் காட்டுவதன் விளக்கமும் இதுதான். மலைநாட்டு ஈரக் காற்றில் தோல் நீரை உறிஞ்சித் தளர்கிறது, கனக்கவும் செய்கிறது. இரண்டும் தோலில் ஓடும் அலையை மெதுவாக்குவதால், அது விளிம்புக்கும் விளிம்புக்கும் இடையே செக்கனுக்குச் சென்று திரும்பும் தடவைகள் குறைந்து, மீடிறன் (செக்கனுக்கு அதிரும் தடவைகள்) தாழ்ந்து, சத்தம் ‘தொப்’பென்று விழுகிறது. சருகைக் கொளுத்திச் சூடு காட்டினால் ஈரம் போய்த் தோல் இறுகி, அலை வேகம் பெற்று, ஓசை ‘கணீர்’ என எழுகிறது. இழுவைக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பைச் சூத்திரமாக எழுதாமலே கையில் வைத்திருந்தவர்கள் தப்பிசைக் கலைஞர்கள்.

உயரத்தில் காற்று மெலிவதால் அங்கே சத்தம் மெதுவாகப் போகும் என்று பலரும் எண்ணுகிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் கொழும்பிலிருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் வெப்பநிலை ஒன்றாக இருக்கும்வரை அமுக்கமும் அடர்த்தியும் ஒரே விகிதத்தில் குறைவதால், ஒன்றின் விளைவை மற்றது ஈடுசெய்துவிடுகிறது. வேறுபாட்டை உண்டாக்குவது குளிர்தான். 28 பாகை செல்சியஸில் செக்கனுக்கு 348 மீற்றர் செல்லும் ஒலி, 16 பாகையில் 341 மீற்றரே செல்கிறது.

இந்தச் சிறு வேறுபாடுதான், பகலில் கேட்காத எதிர்மலைக் கோயில் பாட்டை இரவில் வரிக்கு வரி கேட்கவைக்கிறது. வெயில் நேரத்தில் நிலத்தை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் அலைமுகத்தின் அடிப்பகுதி முந்தி ஓடி, ஒலி மேல்நோக்கி வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குவதால் மேல்பகுதி முந்த, ஒலி கீழ்நோக்கி வளைகிறது. (மழை இரவில் இதைச் சோதிக்க முயல வேண்டாம், தகரக் கூரை வேறெதையும் கேட்கவிடாது.) மலை வளைவுக்கு அப்பால் திருவிழா நடந்தால் மேளத்தின் அடித்தொனி மட்டும் வருவதும், நாதஸ்வரம் வராமற்போவதும் வேறு கதை. செக்கனுக்கு 100 தடவை அதிரும் (100 ஹேர்ட்ஸ்) தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 3.4 மீற்றர்; நீண்ட அலைகள் தடையை எளிதாகச் சுற்றி வளைகின்றன, காற்றில் கரைவதும் குறைவு.

காலடி நிலத்தில் இருவகை அலைகளுமே ஓடும். 2020 இன் பிற்பகுதியில் கண்டிக்கு அருகே திகனைப் பக்கம் சிறு அதிர்வுகள் உணரப்பட்டபோது, பாறையில் முந்தி ஓடியது செக்கனுக்கு 6 கிலோமீற்றர் அளவில் செல்லும் நெட்டாங்கு அலை. அதன் பின்னால் வந்தது 3.5 கிலோமீற்றர் அளவில் செல்லும் குறுக்கலை. பல்லேகலையிலுள்ள பதிவு நிலையம் போன்ற ஒன்றில் இந்த இரண்டும் ஒரு செக்கன் இடைவெளியில் வந்து சேர்ந்தால், அதிர்வு பிறந்த இடம் அங்கிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றரில் இருக்கிறது. கை இறங்கியதற்கும் சத்தம் கேட்டதற்கும் இடையே எதிர்மலைக்காரர் எண்ணுவதைப் போன்ற கணக்குத்தான்.