சாயம் கட்டுக்குள்ளும் போகக் கூடாது, மூச்சுக்குள்ளும் போகக் கூடாது

நூலைக் கட்டிச் சாயம் ஏற்றி நெய்யும் இகாட் கலையைக் கற்க என்னிடம் வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, "சாயம் எப்போது போடுவோம்?" என்றுதான். முதல் இரண்டு வாரம் நான் சாய டப்பாவைத் திறப்பதே இல்லை. நூல் சிட்டத்தைப் பிரித்து, இழைகளை எண்ணி, சட்டத்தில் ஒரே இறுக்கமாக இழுத்துக் கட்டப் பழகவே அந்த நாட்கள் போதாது.

மலாய், இந்தோனேசிய மொழிகளில் 'இகாட்' என்றால் கட்டு. நெய்த துணியில் அச்சடிக்கும் வேலை அல்ல இது. நெய்வதற்கு முன்பே நூலில் கோலம் வந்துவிட வேண்டும். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் மட்டும் கட்டலாம், குறுக்கே ஓடும் ஊடையில் மட்டும் கட்டலாம். குஜராத்தில் பாட்டன் ஊரின் பட்டோலாத் துணிக்கும் பாலித் தீவில் தெங்கானன் ஊரின் கெரிங்சிங் துணிக்கும் பாவு, ஊடை இரண்டிலுமே கட்டுகிறார்கள். அதில் தறியில் ஒவ்வொரு ஊடையையும் பாவின் கோலத்தோடு பொருத்திப் பொருத்தித்தான் நெய்ய முடியும்.

கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் சாயம் உள்ளே கசிந்துவிடும். சைக்கிள் டியூபை மெல்லிய பட்டையாக வெட்டிக் கட்டினால் நன்றாகப் பிடிக்கும். இழைகள் லேசாக நகர்வதால் விளிம்பு இறகு போலக் கலைந்து தெரிவது இகாட்டின் இயல்பு, அழகும்கூட. கசிவினால் வரும் திட்டு வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கண் பழக வேண்டும்.

சரி, சாயத்துக்கு வருவோம். மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று கோலம் இருந்தால் முதலில் மஞ்சளில் முக்கி, மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடங்களைக் கட்டி, சிவப்பில் முக்கி, மறுபடி கட்டி, கறுப்பில் முக்குவோம். ஆக ஒரே பாவுக்கு மூன்று தடவை சாயத்தூளைத் திறந்து நிறுக்கிறோம். ஆபத்து அந்த நிறுக்கும் நேரத்தில்தான்.

நான் கற்ற இடத்தில் மின்விசிறிக்குக் கீழே வெறும் முகத்தோடு தூளை நிறுப்போம். மாலையில் மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை நீலமாகும். அதைச் சிரித்துக் கடந்தோம். ரியாக்டிவ் என்னும் செயற்கைச் சாயத்தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம் என்று அன்று யாரும் சொல்லவில்லை. பல மாதம் ஒன்றும் ஆகாதவருக்கும் ஒருநாள் உடல் ஒவ்வாமைக்கு மாறிவிடும். அதற்கப்புறம் துளித் தூள் பட்டாலே மூச்சு இறுகும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்களுக்குச் சாயத்தை வேறொருவர் கரைத்துத் தரட்டும்.

இப்போது என் அறையில் நிறுக்கும்போது விசிறி ஓடாது. தராசுக்குக் கீழே ஈரக் காகிதம். முகத்தில் என்-95 முகமூடி, ஏனென்றால் துணி முகமூடி இந்தத் தூளுக்குப் போதாது. சாயத்துக்குத் தொட்ட பாத்திரமும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பவே கூடாது.

அவுரி நீலச் சாயத் தொட்டியில் ஹைட்ரோ (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) சேர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த டப்பாவுக்குள் ஈரம் போனால் சூடேறித் தீப்பிடிக்கலாம், கந்தக டைஆக்சைடும் வரும். என்-95 அந்த வாயுவைத் தடுக்காது, திறந்த வெளிதான் வேண்டும். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

"நான் இயற்கைச் சாயம்தான் போடுகிறேன்" என்பவர்களிடம், சாயம் பிடிக்க என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்பேன். படிகாரம் என்றால் நிம்மதி. பொட்டாசியம் டைகுரோமேட் என்றால் வேண்டவே வேண்டாம், அது புற்றுநோய் தரும் பொருள்.

எங்கே கற்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கற்றுத் தருபவரின் துணிகளைப் பார்த்து மயங்கிய பிறகு, சாய அறையையும் காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் திறந்திருக்கிறதா, டப்பாக்கள் மூடியிருக்கின்றனவா, முகமூடி ஆணியில் தொங்குகிறதா, அதை அவரே மாட்டுகிறாரா என்று பாருங்கள்.