சாட்டிலைட் டிஷ்ஷும் 5ஜி டவரும்: அலைக்கற்றையைப் பங்கிடும் விதி

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் புதிதாக ஒரு 5ஜி டவர் எழும்பினாலே, நம் வீட்டு சன் டிவி போய்விடுமா என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. சந்தா கட்டிப் பார்க்கும் சாட்டிலைட் டிவியான டிஎஸ்டிவி வைத்திருப்பவர்களுக்குப் பதில் சுலபம்: போகாது. அந்தச் சின்ன டிஷ் பிடிப்பது கேயூ பேண்ட், அதாவது 11, 12 கிகாஹெர்ட்ஸ் பக்கம். இங்கே 5ஜிக்கு முக்கியமான இடம் 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியது. இரண்டுக்கும் வெகு தூரம். அடைமழையில் படம் அப்படியே நின்றுபோகிறதே, அது மழையால் வருவது. டவர்மேல் பழி போட வேண்டாம்.

கவனிக்க வேண்டியவர்கள் சி பேண்ட் டிஷ் வைத்திருப்பவர்கள். ஆறடி, எட்டடி அகலத்தில் வீட்டுப் பின்புறத்திலோ கோயில் மண்டபத்துக்குப் பக்கத்திலோ நிற்குமே, அந்தப் பெரிய தட்டு. அது பிடிப்பது 3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை. இந்த இடத்தின் கீழ்ப்பகுதியில்தான் இப்போது 5ஜியும் வந்து சேர்ந்திருக்கிறது. உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் டிஷ்ஷின் முகப்பில் சிக்னலை வாங்கி உள்ளே அனுப்பும் சின்னக் கருவியான எல்.என்.பி.யின் லேபிளைப் பாருங்கள். 5150 என்று இருந்தால் சி பேண்ட். 9.75, 10.6 என்று இரண்டு எண்கள் இருந்தால் கேயூ.

சரி, ஒரே இடத்தை இரண்டு பேருக்கும் கொடுத்தது யார்? இதை முதலில் முடிவு செய்வது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் உலக மாநாடு. உலகத்தை மூன்று வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஆப்பிரிக்கா, ஐரோப்பாவோடு சேர்ந்து முதல் வட்டாரத்தில் வருகிறது. 2015 ஜெனீவா மாநாட்டில் இந்த வட்டாரத்துக்கு 3.4 முதல் 3.6 வரை மொபைலுக்கு முதன்மை இடம் கிடைத்தது. 2023 துபாய் மாநாட்டில் 3.6 முதல் 3.8 வரைக்கும் அதே நிலை வந்தது. அந்த முடிவுகளை உள்நாட்டில் தேசிய அலைவரிசைத் திட்டமாக எழுதி நடத்துவது, நம் நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ஐகாசா. அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தருபவர் அமைச்சர். 2005-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2022 மார்ச்சில் 14.4 பில்லியன் ராண்டுக்கு முடிந்த ஏலத்தில் 3.5 கிகாஹெர்ட்ஸும் இருந்தது.

விதியின் உயிர் 'முதன்மை', 'இரண்டாம் நிலை' என்ற பிரிவில் இருக்கிறது. இரண்டாம் நிலையில் இருப்பவர் முதன்மையானவருக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது. அவரால் தனக்குத் தொல்லை வந்தாலும் பாதுகாப்பு கேட்க முடியாது. இரண்டு பேரும் முதன்மை என்றால், பின்னால் வருபவர் முன்பே முறையாக இடம்பிடித்தவரைக் கலந்து, அவருக்குக் கெடுதல் வராமல் அமைத்துக்கொள்ள வேண்டும். டவரைத் தள்ளி வைப்பது, ஆன்டெனாவைச் சற்றுத் திருப்புவது, சக்தியைக் குறைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

ஆனால் ஏட்டில் இல்லாத டிஷ்ஷை யார் காப்பாற்றுவது? பெரிய ஒளிபரப்பாளரின் தரை நிலையம் எங்கே இருக்கிறது என்று ஐகாசாவுக்குத் தெரியும். ஒரு தாத்தா முப்பது வருஷத்துக்கு முன் நட்டுவைத்த தட்டு தெரியாது. ஏலத்தில் பணம் கட்டியவர் கணக்கில் இருக்கிறார், சிக்னலைச் சும்மா வாங்கிப் பார்ப்பவர் கணக்கில் இல்லை. இந்த ஏற்பாட்டில் எனக்கு உறுத்துவது இதுதான்.

தொல்லை எப்படி வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சாட்டிலைட் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் சிக்னல், தவில் முழங்கும் இடத்தில் கிசுகிசுப்பதைப் போல மெல்லியது. எல்.என்.பி. தன் எல்லைக்குள் வருவதையெல்லாம் ஒன்றாக வாங்கும் என்பதால், அருகில் உள்ள டவர் அதைத் திணறடித்துவிடும். வானம் தெளிவாக இருக்கும்போதே எல்லாச் சேனலும் ஒன்றாகக் கட்டம் கட்டமாக உடைந்தால் சந்தேகப்படலாம். டிஷ் குவிக்கும் அலையை ஏந்தும் குழலான ஃபீடுக்கும் எல்.என்.பி.க்கும் நடுவே 3.7-க்குக் கீழே உள்ளதைத் தடுக்கும் உலோக ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினால் பல இடங்களில் சரியாகிவிடும். நீங்கள் பார்க்கும் சேனலே 3.7-க்குக் கீழே வந்தால் அது உதவாது. வாங்குமுன் சேனலின் அலைவரிசையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பங்கீட்டுக்கு நாட்டு எல்லையும் உண்டு. 3.4 முதல் 3.6 வரை, பக்கத்து நாட்டின் எல்லையில் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் மொபைல் சிக்னல் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அந்த நாட்டின் சம்மதம் வேண்டும். நம் நாட்டுக்கு நடுவிலேயே லெசோத்தோ இருப்பதால் டிராக்கன்ஸ்பர்க் பக்கம் டவர் வைப்பவர்களுக்கு இது வெறும் காகித விதி இல்லை.

டிவியைவிட முக்கியமான ஒன்று இதற்கும் மேலான அலைவரிசையில் இருக்கிறது. வானிலை சாட்டிலைட்டுகள் காற்றின் ஈரப்பதத்தை 23.6 முதல் 24 கிகாஹெர்ட்ஸுக்குள் அளக்கின்றன. நீராவி இயற்கையாக வெளியிடும் அலை அங்கேதான் வருகிறது, அதை வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. 2019-இல் எகிப்தில் நடந்த மாநாடு, கொஞ்சம் தள்ளி 24.25 முதல் 27.5 வரை 5ஜிக்கு ஒதுக்கியது. அப்போது டவரிலிருந்து கசியும் அலைக்கும் வரம்பு வைத்தார்கள்: 2027 செப்டம்பர் 1-க்குப் பிறகு நிறுவப்படும் டவர்களுக்கு அது இன்னும் கடுமையாகிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எத்தனை உயிர்கள் போயின, டொங்காட் எத்தனை நாள் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது என்பது நமக்குத் தெரியும். மழையை முன்கூட்டிச் சொல்லும் கணக்கில் இந்த அளவீடும் சேர்கிறது. இந்த வரம்பைத் தளர்த்தும்படி யார் கேட்டாலும் நாம் எதிர்க்க வேண்டும்.

உங்கள் டிஷ்ஷில் தொல்லை வந்தால், எந்த நாள், எத்தனை மணி, எந்தச் சேனல், அதன் அலைவரிசை, டவர் எவ்வளவு தூரம் என்று குறித்து, படம் எடுத்து, ஐகாசாவின் டர்பன் அலுவலகத்துக்குக் குறுக்கீட்டுப் புகாராகக் கொடுக்கலாம். அப்புறம், சிக்னலைக் கூட்டும் பூஸ்டரை ஆன்லைனில் பார்த்து வாங்கி மாட்டாதீர்கள். ஐகாசா ஒப்புதல் இல்லாத கருவியைப் பயன்படுத்துவது சட்டப்படி தவறு, பக்கத்து வீட்டாரின் இணைப்பும் கெடும்.

அடுத்த உலக மாநாடு 2027-இல் ஷாங்காயில். 4.4 முதல் 4.8, 7.125 முதல் 8.4, 14.8 முதல் 15.35 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடங்களை அடுத்த தலைமுறை மொபைலுக்குத் தரலாமா என்பது அங்கே பேசப்படும். சாட்டிலைட்டிலிருந்து நேராகக் கைப்பேசிக்கே சிக்னல் வருவதும் பட்டியலில் இருக்கிறது. உள்நாட்டில் ஐகாசா ஒரு விதியைக் கொண்டுவருமுன், குறைந்தது 30 நாளுக்கு முன்பே அதை அரசிதழில் வெளியிட்டு எழுத்துமூலம் கருத்துக் கேட்க வேண்டும். வக்கீல் தேவையில்லை, கோயில் கமிட்டியோ தமிழ்ச் சங்கமோ ஒரு பக்கக் கடிதம் எழுதினாலும் போதும். உங்கள் பகுதியில் எத்தனை சி பேண்ட் டிஷ்கள் இருக்கின்றன, அவை எந்தத் தெருக்களில் இருக்கின்றன என்பதை அதில் தவறாமல் எழுதுங்கள்.