பதற்றத்துக்குத் தீனி போடுவது எது?

மேடையில் பேசப்போகும் முன் நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. பேசி இறங்கியதும் அடங்கிவிடுகிறது. இப்படி வந்து போகும் பதற்றத்துக்குச் சிகிச்சை தேவையில்லை. எங்கே போவது, யாரிடம் பேசுவது, எந்த வேலையை ஏற்பது என்பதையெல்லாம் பதற்றமே முடிவு செய்ய ஆரம்பித்தால்தான் அது கோளாறு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019இல் 30.1 கோடி பேர் இந்த நிலையில் இருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் சிகிச்சை கிடைக்கிறது.

"சும்மா பேசினால் சரியாகிவிடுமா?" என்று கேட்பவர்கள் நிறைய. உளச்சிகிச்சை என்றாலே ஆறுதல் வார்த்தை என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. ஆனால் பதற்றத்துக்கான சிகிச்சையில் ஆறுதலுக்கு இருக்கும் இடம் மிகச் சிறியது.

கூட்டத்தில் ஒருமுறை மூச்சுமுட்டிப்போன ஒருவரை எடுத்துக்கொள்வோம். அடுத்த முறை கூட்டம் என்றதும் பயம் எழுகிறது, போகாமல் இருந்துவிடுகிறார். உடனே நிம்மதி. சிக்கல் தொடங்குவது அந்த நிம்மதியில்தான். 'போகாததால் தப்பித்தேன்' என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைக்கவில்லை. அதனால் பயம் அப்படியே இருக்கிறது, தவிர்க்கும் பழக்கம் மட்டும் வலுக்கிறது.

இன்றைய வாழ்க்கை தப்பிக்கும் வழிகளை எக்கச்சக்கமாகத் திறந்து வைத்திருக்கிறது என்பது என் எண்ணம். நேரில் பேசத் தயங்கினால் மெசேஜ் அனுப்பலாம். தலை வலித்தால் நள்ளிரவில்கூட இணையத்தில் நோயைத் தேடலாம். பதில் வராவிட்டால் போனை மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒரு நிமிட நிம்மதி தருகிறது, கூடவே அடுத்த பயத்துக்குத் தீனியும் போடுகிறது.

திடீரென்று பயம் உச்சத்துக்கு ஏறும் பேனிக் அட்டாக்கில் இந்தச் சுழல் இன்னும் வேகமாக ஓடும். பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் அதை விளக்கினார். இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது; 'மாரடைப்பு' என்று மனம் பொருள்கொள்கிறது; அந்தப் பயத்தில் இதயம் இன்னும் வேகமெடுக்கிறது; சந்தேகம் உறுதியானதுபோல் தோன்றுகிறது.

இதை அறுக்கச் சிகிச்சையாளர் செய்வது முதலில் விநோதமாகத் தெரியும். உண்மையில் இதய நோய் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, அந்த அறிகுறிகளை அறைக்குள்ளேயே வேண்டுமென்றே வரவழைப்பார். சிறிய ஸ்ட்ரா வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொல்வார், அல்லது சுழல் நாற்காலியில் சுற்றவிடுவார். அதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டும்: 'மயங்கி விழுவேன் — 90 சதவீதம் நிச்சயம்.' தலை கிறுகிறுக்கிறது, நெஞ்சு அடிக்கிறது. மயக்கம் மட்டும் வருவதில்லை. மயங்குவதற்கு பொதுவாக இரத்த அழுத்தம் சட்டென்று விழ வேண்டும். பயத்தில் அது ஏறத்தான் செய்யும். (ரத்தத்தைப் பார்த்தாலே பயப்படுபவர்கள் விதிவிலக்கு, அவர்களுக்கு நிஜமாகவே அழுத்தம் விழும், அதற்குப் பயிற்சியும் வேறு.) அப்புறம் அதே தாளில் நடந்ததை எழுதுகிறார்கள். எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள அந்த இடைவெளிதான் மருந்து.

பயந்ததையே நேரில் சந்திக்க வைக்கும் இந்த வழி பழையது. 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் பிடித்த உணவைச் சாப்பிடும்போது முயல் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே நகர்த்தினார்கள். கடைசியில் தன் விரலை முயல் கொறிக்க விடும் அளவுக்கு அவன் வந்துவிட்டான். 1950களில் தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பி, பயங்களைச் சின்னதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி ஒவ்வொரு படியாக ஏறும் முறையை வகுத்தார்.

முன்பு இந்த முறை பயத்தையே அழித்துவிடுகிறது என்று நினைத்தார்கள். இப்போது ஆய்வுகள் வேறு படத்தைத் தருகின்றன. மூளையில் பயத்தைக் கையாளும் பகுதியான அமிக்டலாவில் பதிந்த பழைய பய நினைவு பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. 'இது ஆபத்தில்லை' என்ற புதிய நினைவு அதன் பக்கத்தில் உருவாகி, மூளையின் முன்பகுதியின் உதவியோடு பழையதை அடக்கிவைக்கிறது. குணமானவருக்கும் மாதங்கள் கழித்துத் திடீரென்று பயம் எட்டிப்பார்ப்பது இதனால்தான். அது தோல்வியே இல்லை. உணவுக்கு முன் வரும் சைகைக்கே எச்சில் ஊறும்படி ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் பழக்கிய நாய்களிடமும், உணவு தராமல் சைகையை மட்டும் காட்டிக் காட்டி அணைந்துபோன எச்சில் ஊறல் ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்தது.

புதிய நினைவுக்கு ஒரு பலவீனம் உண்டு: கற்ற இடத்தோடு அது ஒட்டிக்கொள்ளும். சிகிச்சை அறையில் தைரியமாக இருப்பவர் வெளியே தடுமாறலாம். ஆகவே நல்ல சிகிச்சையாளர் பயிற்சியை அறைக்கு வெளியே கொண்டுபோவார்: வேறு வேறு இடங்களில், துணையோடும் தனியாகவும், தூக்கம் குறைந்த நாளிலும். பையில் எப்போதும் வைத்திருக்கும் மாத்திரையை ஒருநாள் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்று, அது எந்த மாத்திரை என்பதைப் பொறுத்து மருத்துவரோடும் கலந்து, சிகிச்சையாளர் கேட்பதும் இதற்காகத்தான். மாத்திரை கையில் இருக்கும்வரை, தப்பித்தது அதனால்தான் என்று மூளை நம்பிக்கொண்டே இருக்கும்.