இழைப்பாளர்: சொல் விளக்கம்

ஓலை, மரம், பிரம்பு போன்ற இயற்கைப் பொருள்களைத் தம் கையாலேயே பதப்படுத்தி, தாமே எண்ணிய வடிவில் பொருள் செய்பவரைக் குறிக்க 'டிசைனர்' என்ற சொல்லே இன்று எளிதில் வாய்க்கு வருகிறது. இதன் வேர் 'குறியிடுதல்' என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல். இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் அது 'கோட்டால் வரைதல்', 'மனத்தில் திட்டமிடுதல்' என்னும் பொருள்களைப் பெற்று ஆங்கிலத்தை அடைந்தது. ஆலைகள் பெருகிய காலத்தில் வரைபவர் ஒருவர், செய்பவர் வேறொருவர் என்ற பிரிவும் அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. 'வடிவமைப்பாளர்' என்னும் தமிழாக்கம் அப்பிரிவில் வரைபவரின் பக்கத்தை நன்றாகவே உணர்த்துகிறது. அச்சுக்கும் ஆடைக்கும் அதுவே போதும். 'கைவினைஞர்' என்றால் கையின் திறம் தெரிகிறது. வடிவத்தை எண்ணியவரும் அவரே என்பது தெரிவதில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்லும் 'இழைத்தல்' என்னும் வினை வட இலங்கையின் வன்னிப் பகுதிப் பேச்சிலேயே இருக்கிறது. கடகம் என்னும் ஓலைக்கூடை இழைப்பார்கள், பெட்டி இழைப்பார்கள், குளக்கரையில் வளரும் பன் என்னும் கோரையை வெட்டி உலர்த்திப் பாய் இழைப்பார்கள். தமிழில் இச்சொல்லின் பரப்பு இன்னும் பெரிது: பிரிந்த தலைவன் வருவானா என்று அறிய மணலில் வட்டம் வரைந்து பார்ப்பது கூடல் இழைத்தல், மரத்தைச் சீவி மழமழப்பாக்கும் கருவி இழைப்புளி, பொன்னில் மணி பதிப்பதும் இழைத்தலே. கோடு வரைவதும் பொருளை உருவாக்குவதும் ஒரே வினைக்குள் அடங்கியிருப்பது, இத்தொழிலின் உண்மையான இயல்போடு பொருந்துகிறது. பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை இழைப்பவர் தாளில் எதையும் வரைந்து பார்ப்பதில்லை. குருத்தோலையைக் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, அளவாக வார்ந்து, பிட்டு மாவுக்குள் ஆவி ஏறும்படி பின்னலைக் கூம்பாக ஒடுக்கும்போது, ஓலை எவ்வளவு வளையும் என்பதை விரலால் அறிந்தே வடிவத்தை முடிவு செய்கிறார். அந்த முடிவை வடிவமைப்பு என்று ஏற்காமல், நகரத்துக் கணினித் திரையில் வரைந்ததை மட்டும் அப்படி அழைப்பது பெரிய அநீதி என்றே கருதுகிறேன்.

ஆகவே 'இழைப்பாளர்' என்னும் சொல்லைப் பரிந்துரைக்கிறேன். கலைஞர், வினைஞர் போல 'இழைஞர்' என்று சுருக்கமாக அமைக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கும் நம் பேச்சில் அது 'இளைஞர்' என்றே கேட்கும். பனையோலை இழைப்பாளர், பிரம்பு இழைப்பாளர், மர இழைப்பாளர் எனப் பொருளின் பெயரை முன்னே சேர்த்து வழங்கினால் தெளிவு கூடும். களிமண்ணில் செய்பவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவருக்கு 'வனைஞர்' என்னும் பழஞ்சொல் ஏற்கெனவே இருக்கிறது, அதையே எழுத வேண்டும்.