ஜெபம் வறண்டுபோனால் முதலில் தூக்கத்தைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்துச் சபைக்காரர்கள் நிறைய வருகிறார்கள். தூக்கம் இல்லை, பசி இல்லை என்று ஆரம்பிப்பார்கள். எழுந்து போகிற நேரத்தில்தான் பலருக்கு அசல் விஷயம் வாயில் வரும்: "ஜெபிக்க உக்காந்தா ஒண்ணும் வரமாட்டேங்கு. பின்மாற்றத்துல போயிட்டேன் போல." அதாவது, விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிவிட்டேன் என்று பயப்படுகிறார்கள்.

பேரப்பிள்ளை மடியில் ஏறினால் சந்தோஷம் வருகிறதா, பிடித்த பாட்டைக் கேட்டால் மனசு அசைகிறதா என்று கேட்பேன். அதுவும் இல்லையென்றால் வறண்டது ஜெபம் மட்டும் இல்லை. 2 வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் எதிலும் ஈடுபாடு இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, 'நான் ஒன்றுக்கும் உதவாதவன்' என்ற எண்ணமே ஓடினால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். பக்தியுள்ளவரிடம் அந்த நோய் பக்தியின் பாஷையிலேயே பேசும். என் பாவத்துக்கு மன்னிப்பே கிடையாது என்று அவர் உறுதியாக நம்புவார்.

இவருக்கு நம் பக்கத்தில் கிடைக்கும் முதல் ஆலோசனை: உபவாசம் இரு, முழு இரவு ஜெபத்துக்கு வா. நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மனச்சோர்வும் மனஎழுச்சியும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கம் கெட்டாலே மனஎழுச்சி, அதாவது அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும், கிளம்பிவிடலாம். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று சுற்றியிருப்பவர்கள் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். அவரோ நாள்கணக்கில் தூங்கியிருக்க மாட்டார். அந்தக் கோளாறுக்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் தண்ணீரும் குடிக்காமல் உபவாசம் இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகும். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை கிடுகிடுவென இறங்கலாம். மருத்துவரிடம் கேட்காமல் உபவாசம் வேண்டாம். மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டு, ஆண்டவர் சுகம் தந்தார் என்று சபையில் சாட்சி சொல்வது வேண்டவே வேண்டாம்.

பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். ஓரேப் மலையில் ஆண்டவரின் அந்த மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்கு அப்புறம்தான். டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டபின், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று இங்கே யாரும் பேசுவதில்லை. உடம்பு படுத்தால் கொடுக்கும் சலுகையை மனசு படுத்தால் ஏன் கொடுப்பதில்லை?

சரி, சிகிச்சை நடக்கும்போது ஆண்டவரோடு எப்படிப் பேசுவது? வார்த்தை வராவிட்டால் 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். 6 வசனம்தான், எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று நேராகவே கேட்கிறது. 88-ஆம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. நம் ஜெபம் ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடிந்தே பழகிவிட்டதால், தனியறையிலும் நல்ல பிள்ளையாகவே நடிக்கிறோம். சொல்லக் கூசுவதைச் சொல்லத் தொடங்கியவர்களுக்குத்தான் ஆண்டவரோடு நெருக்கம் கூடுவதை நான் பார்த்திருக்கிறேன். கோபமானாலும் சரி, 5 நிமிடமானாலும் சரி. குடும்ப ஜெபத்தில் மற்றவர்கள் ஜெபிக்கட்டும்; இவர் கூட உட்கார்ந்தாலே போதும். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கக் கூடாது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். குருவானவர் வீட்டுக்கு வந்து ஜெபித்தால் தாராளமாக ஜெபிக்கட்டும். முடிந்த கையோடு, நோயாளியோடு குருவானவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.