ரூஃபஸ் என்னும் செவலை

பறவை நூல்களில் அடிக்கடி எதிர்ப்படும் 'ரூஃபஸ்' என்னும் நிறப்பெயர், துருவுக்கும் செங்கல்லுக்கும் இடைப்பட்ட, பழுப்பேறிய சிவப்பைக் குறிக்கும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் புழக்கத்துக்கு வந்த இச்சொல்லுக்கு மூலம், செந்நிறம், செம்பட்டை முடி ஆகியவற்றைச் சுட்டும் 'ரூஃபுஸ்' என்ற இலத்தீன் சொல். ரோமானியர் அதைக் குடிப்பெயராகவும் வைத்துக்கொண்டனர். 1087 முதல் 1100 வரை இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் வில்லியமுக்கும் அதுவே பட்டப்பெயர்.

சிவப்புக்கு இலத்தீனில் 'ரூபெர்' என்ற சொல்லும் உண்டு. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவையே. ஆயினும் அவ்வேரின் இடையெழுத்து இலத்தீனில் பகரமாகத் திரிந்திருக்க, ஆஸ்கன், உம்பிரியன் முதலிய பக்கத்து மொழிகளில் ஃபகரமாகத் திரிந்ததால், ரூஃபுஸ் அம்மொழிகள் வழியாக இலத்தீனுக்குள் புகுந்தது என்று மொழியியலார் கொள்வர். அதே வேர் வடமொழியில் 'ருதிரம்' ஆகி, தமிழில் உதிரம் என வழங்குகிறது. நாம் அன்றாடம் சொல்லும் உதிரத்துக்கு ரூஃபுஸ் தூரத்துப் பங்காளி.

ரூஃபஸ் நிறத்தைத் தமிழில் 'செம்பழுப்பு' என்று எழுதுகிறார்கள். பிழையில்லை, ஆனால் பழுப்பு என்றதும் பழுத்த இலையின் மஞ்சளும் பழைய தாளின் நிறமுமே முதலில் கண்முன் வருகின்றன. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகரிடம் இந்நிறத்தைக் காட்டிக் கேட்டால், சற்றும் யோசியாமல் 'செவலை' என்பார். மயிலை, காரி, செவலை என்று நிறத்தாலேயே மாட்டை அடையாளம் சொல்லும் ஊர் இது. காங்கேயக் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, ஆறு மாதமளவில் நிறம் மாறத் தொடங்கும் என்பதும் இங்கே எல்லாரும் அறிந்தது.

எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போனால் 'செம்பன்' என்பர். தமிழில் செம்பழுப்பு மரங்கொத்தி என எழுதப்படும் பறவை மலையாளத்தில் 'செம்பன் மரங்கொத்தி'தான். இறக்கை மட்டும் இந்நிறத்திலிருக்கும் செம்போத்துக்கோ இருபுறமும் ஒரே பெயர். ஆகவே ரூஃபஸுக்குச் செவலை என்பதே என் தேர்வு: செவலை மரங்கொத்தி, செவலை வால்காக்கை. தாய்ப்பால் போதாமல் மெலிந்த பிள்ளையைக் குறிக்கும் 'சவலை' வேறு சொல். அச்சுக் கோக்கும்போது முதலெழுத்தில் கவனம் வேண்டும்.