மெடலைப் புளி போட்டு விளக்காதீர்கள்

காங்கேயம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவும் அவர் பேரனும் கோவையில் உள்ள என் பட்டறைக்கு வந்திருந்தார்கள். பழைய உலோகமும் துணியும் தோலும் கெடாமல் காப்பதுதான் என் தொழில். அந்த அம்மா மடியிலிருந்து ஒரு புகையிலை டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டு மெடல்கள். ஒன்று வெள்ளி, ஒன்று வெண்கலம். இரண்டும் நேற்று வார்த்ததுபோல் மின்னின.

"எங்க மாமனாரோட அய்யனுதுங்க. பொங்கலுக்குப் பொங்கல் எடுத்து வெளக்கி வெச்சுருவனுங்க. வெள்ளிக்குத் திருநீறு, இன்னொண்ணுக்குப் புளி" என்றார். நாடா மக்கிப்போனதால் அதற்குப் பதிலாக மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்.

முதல் உலகப் போரில் பட்டாளத்துக்குப் போனவர்களுக்குக் கொடுத்த மெடல்கள் அவை. வெள்ளியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருக்கும். வெண்கலத்தில் சிறகு விரித்த வெற்றித் தேவதை. ஆனால் நான் தேடுவது முகத்தை அல்ல, விளிம்பை. வாங்கியவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் விளிம்பில்தான் சின்ன எழுத்தில் பதிந்திருக்கும். அந்த வரி இருந்தால்தான் அது ஒரு மனிதனின் மெடல். இல்லாவிட்டால் 36 மில்லிமீட்டர் அகல வெள்ளி வில்லை, அவ்வளவுதான்.

வெறும் கண்ணுக்கு இரண்டு விளிம்பும் வழவழவென்றுதான் தெரிந்தன. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை விளிம்புக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்த்து அடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெள்ளியில் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் நிழலாகத் தெரிந்தன. வெண்கலத்தில் கடைசி இரண்டு. இரண்டிலும் ஒரே வரிதான் பதிந்திருக்கும் என்பதால், ஒன்றில் அழிந்ததை இன்னொன்றில் எடுத்துச் சேர்த்தோம். எண் முழுதாகக் கிடைத்தது. 'சேப்பர்' (ராணுவப் பொறியியல் பிரிவுச் சிப்பாய்) என்ற பதவியும் கிடைத்தது. பெயரில் முதல் மூன்று எழுத்துகள்தான் மிஞ்சியிருந்தன. பேரன் அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த அம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை. குத்துவிளக்கையும் செம்பையும் எப்படிப் பார்த்துக்கொள்கிறோமோ, அதே பக்தியோடுதான் மெடலையும் பார்த்துக்கொண்டார். ஆனால் திருநீறு நுண்ணிய தூள். ஒவ்வொரு தேய்ப்பிலும் வெள்ளியை ஓர் இழை கொண்டுபோய்விடும். புளியில் இருக்கும் அமிலம் வெண்கலத்தில் உள்ள செம்பையே கரைக்கும். கடையில் விற்கும் பித்தளை பாலிஷும் இந்த வேலையைத்தான் செய்கிறது. வெள்ளி மேல் படியும் கருமையும் வெண்கலத்தின் பழுப்பும் அழுக்கு அல்ல. அவை உலோகத்தின் மேல் தோல், அதுவே காப்பு. பச்சைப் பொடி உதிர்ந்து, துடைத்த இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் அது நோய். அப்போது தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

நம் ஊர் வீடுகளில் இப்படிப்பட்ட சாமான்கள் கிடைப்பதில் வியப்பில்லை. இரண்டாம் உலகப் போரின்போது சூலூரில் பிரிட்டிஷ் கடற்படையின் விமானத்தளம் இருந்தது. மலை ஏறினால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம். 1965, 1971 போர்களுக்குப் போய் வந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ரக்ஷா மெடலும் பூர்வி ஸ்டாரும் சங்க்ராம் மெடலும் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கின்றன. இப்போது இளைஞர்கள் பலர் இவற்றையும், பழைய கஃப்லிங்க், டை பின், பெல்ட் பக்கிள், தொப்பி முத்திரைகளையும் ஆசையாகச் சேகரிக்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்து கை வைக்க வேண்டும்.

தோல் பெல்ட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அது சிக்குப் பிடித்து, ஐப்பசி மழையில் பூஞ்சணத்தைக் கூப்பிடும். பித்தளை ஆணி தோலைத் தொடும் இடத்தில் மெழுகுபோல் பச்சைக் களிம்பு கட்டும். மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கம்பளிக் கோட்டில் பூச்சி விழுந்திருந்தால் பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் அவிழ்க்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் துணி வியர்த்துவிடும். அப்புறம், சுற்றி வைக்கப் பிளாஸ்டிக் கவரும் செய்தித்தாளும் வேண்டாம். பலமுறை துவைத்து, கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியைவிட நல்ல உறை நம் வீட்டில் இல்லை. வெள்ளியை ரப்பர் பேண்டால் கட்டவே கட்டாதீர்கள்.

பழைய சீப்பு, சட்டைக் காலர் பட்டை, தந்தம்போல் தெரியும் பொத்தான் இவற்றைக் கட்டை விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் அது செல்லுலாய்ட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். எளிதில் தீப்பிடிக்கும். கெட்டுப்போகும்போது அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி பக்கத்தில் உள்ள உலோகத்தை அரிக்கும். அதைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இனி சொல்வதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஒருவர் ராணுவக் காம்பஸ் ஒன்றைக் கொண்டுவந்து, "இருட்டுல மின்னவே இல்லைங்க, முள்ளுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சுத் தர முடியுமுங்களா?" என்று கேட்டார். கண்ணாடியை ஏற்கெனவே கழற்றி, பிளேடால் சுரண்டத் தொடங்கியிருந்தார். 1960கள் வரை வந்த இத்தகைய காம்பஸ்கள், கைக்கடிகாரங்கள் பலவற்றில் ரேடியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் கலந்த பெயின்ட் உண்டு. அதோடு கலந்த துத்தநாக சல்பைடு தேய்ந்துபோவதால்தான் ஒளி நிற்கிறது. ரேடியம் அப்படியே இருக்கிறது. அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். மின்னாததைப் பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது. மூடியிருக்கும் கண்ணாடியைத் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், படுக்கையறையில் வைக்காதீர்கள். அதேபோல் போர்க்கால வாயு முகமூடியைப் பிள்ளைகள் மாட்டி விளையாட விடாதீர்கள்; அந்தக் காலத்து வடிகட்டிகள் பலவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறது. அதன் இழை நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது.

தோட்டா கிடைத்தால் அதை அலமாரிக்கு அழகு என்று வைக்க வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம், அது பாட்டன் வைத்துவிட்டுப் போனதாக இருந்தாலும். குண்டுபோல் எதைப் பார்த்தாலும் தொடாமல், நகர்த்தாமல், 100க்கு அழையுங்கள். பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி), வாள் இவையும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் வருகின்றன. வாங்கும் முன் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. முதல் உலகப் போர் மெடல்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன. இணையத்தில் வெளிநாட்டுக்காரர் நல்ல விலை சொல்கிறார் என்று தபாலில் போட்டுவிடாதீர்கள். முதலில் இந்தியத் தொல்லியல் துறையிடம் கேளுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு சின்னச் சோதனை. அச்சில் அடித்த பழைய தொப்பி முத்திரைகள் பலவற்றின் பின்புறம், முன்புற உருவத்துக்கு ஏற்பக் குழிந்திருக்கும். புதிதாக வார்த்த போலியில் மணல்போல் நுண்குழிகள் தெரியும். மெட்ராஸ் ரெஜிமென்ட் யானை முத்திரையில் இதை நன்றாகவே பார்க்கலாம்.

காங்கேயத்துக் குடும்பத்துக்கு வருகிறேன். மெடலை நான் துலக்கவில்லை, உலர்ந்த மென்துணியால் மஞ்சள் கறையை மட்டும் எடுத்தேன். வேட்டித் துண்டில் தனித்தனியாகச் சுற்றி, கூடவே ஒரு தாளும் வைத்தோம். யாருடையது, எந்த ஊர், யார் மூலம் வந்தது, விளிம்பில் படித்த எண் என்ன என்று பேரன் எழுதினான். பெயரின் மூன்று எழுத்தைக் காட்டி, "ஆத்தா, அப்பாரோட அப்பாருக்குப் பேரு என்னுங்க?" என்று கேட்டான். அப்பாரு என்றால் எங்கள் பக்கத்தில் தாத்தா. அந்த அம்மாவுக்கு மாமனாரின் அய்யன், அதாவது அப்பா, பெயர் தெரியும். ஆனால் மாமனார் வழிப் பெரியவரின் பெயரை அவர் அதுவரை வாய்விட்டுச் சொன்னதே இல்லையாம். கொஞ்ச நேரம் தயங்கினார். அப்புறம் பென்சிலை வாங்கி, அவரே எழுதினார். முதல் மூன்று எழுத்தும் சரியாக இருந்தன.